ஒரு வாளித் தண்ணீர்

36 ஆண்டுகள் பள்ளி ஆசிரியனாகப் பணியாற்றியவன் நான். அகரம் அறியாமல் வந்த பிள்ளைகள் என்னிடம் எழுத்தறிந்து சென்று, இன்று என்னைவிட உயர்ந்த பதவிகளில் அமர்ந்திருக்கிறார்கள். கற்பிக்கும் கலை எனக்குக் கைவந்த ஒன்று என்ற எண்ணம் ஓய்வு பெற்ற பின்னரும் என்னை விட்டு நீங்கவில்லை. அதை இறுமாப்பு என்றே சொல்லிவிடலாம். அந்த இறுமாப்பைத் தகர்த்தவன் என் மகள் வயிற்றுப் பேரன். அப்போது அவனுக்கு வயது இரண்டேகால். நான் அவனுக்குக் கற்பிக்க முனைந்த பாடமோ, எந்தப் பள்ளிப் பாடநூலிலும் இடம் பெறாதது. மலஜலம் கழிக்க வேண்டிய இடத்தில் கழிப்பது என்னும் பாடம்!

இதுவும் ஏட்டில் எழுதுவதற்குரிய பொருள்தானா என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். சுளிக்க வேண்டா. தொழுகைக்கு முன்னால் தூய்மையை வைத்த மார்க்கத்தில் பிறந்தவர்கள் நாம். நம் சட்ட நூல்கள் தண்ணீரைப் பற்றிய பாடத்தோடுதான் தொடங்குகின்றன. அவ்வாறிருக்க, ஒரு குழந்தை தூய்மையின் முதற்படியில் கால் வைக்கும் நேரத்தைப் பற்றிப் பேசுவதில் நாணம் எதற்கு?

சென்ற ஆண்டு இரண்டாம் பிரசவத்துக்காக என் மகள் தாய்வீடு வந்திருந்தாள். மருமகனுக்குத் தம்மாமில் வேலை. பெண் குழந்தை பிறந்து நாற்பது நாள்கூட ஆகாத நிலையில், மூத்தவனை ஜூன் மாதம் மழலையர் பள்ளியில் சேர்ப்பதென்று முடிவாயிற்று. பணமும் கட்டியாயிற்று. ரசீதோடு கொடுத்த தாளில் ஒரு நிபந்தனை அச்சிடப்பட்டிருந்தது. டயாபர் அணிந்து வரும் பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்வதற்கில்லையாம்.

மகளுக்குக் கவலை பிடித்துக்கொண்டது. கைக்குழந்தை ஒருபுறம், இவன் ஒருபுறம்.

"கவலையை விடும்மா. இன்னும் மூன்று மாதம் இருக்கிறது. எனக்கு மூன்று வாரம் போதும்" என்றேன்.

"இது பள்ளிக்கூடம் மாதிரி இல்லீங்க" என்றாள் என் மனைவி. நான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மறுநாளே கடைத்தெருவுக்குச் சென்று, சின்னஞ்சிறு நாற்காலி வடிவில் இதற்கென்றே விற்கும் பிளாஸ்டிக் இருக்கை ஒன்றை வாங்கி வந்தேன். அதற்குப் 'பாட்டி' என்று பெயர் சொன்னார் கடைக்காரர். "வீட்டில் ஒரு பாட்டி குத்துக்கல்லாட்டம் இருக்க, காசு கொடுத்து இன்னொரு பாட்டியா?" என்று மனைவி சிரித்தாள். பேரனும் புதிய பாட்டியை மகிழ்ச்சியோடு வரவேற்றான். முதல் நாள் அதைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு தொப்பியாக்கினான். இரண்டாம் நாள் தன் பொம்மைக் கார்களை அதற்குள் நிறுத்தி வைத்தான். உட்காருவதைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் அது பயன்பட்டது.

நான் விடவில்லை. காலை எழுந்ததும், உணவுக்குப் பின், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை என்று கால அட்டவணை எழுதிச் சுவரில் ஒட்டினேன். இரண்டு வாரங்களில் சிறுநீர் விஷயத்தில் பாதி வெற்றி கிடைத்தது. மற்றது மட்டும் நடக்கவில்லை. அந்த உணர்வு வந்தால் அவன் எங்களை விட்டு விலகிச் சென்று, கதவுக்குப் பின்னால் நின்றுகொள்வான். முகம் சிவக்கும். சற்று நேரத்தில் காற்சட்டையோடு காரியம் முடிந்திருக்கும். இருக்கையில் உட்காரச் சொன்னால் உடம்பை விறைத்துக்கொண்டு அழுவான். அதைப் பிடிவாதம் என்று நான் தீர்மானித்தேன். பிடிவாதக்காரப் பிள்ளைகளை வழிக்குக் கொண்டுவரத் தெரியாதவனா நான்?

ஒரு நாள் மக்ரிபு நேரம். ஒலூ செய்துவிட்டு வந்து முசல்லாவை விரித்திருந்தேன். அது என் வாப்பா 1974இல் பம்பாய் சென்று கப்பலேறி, ஹஜ்ஜை நிறைவேற்றித் திரும்பியபோது கொண்டு வந்தது. அவர்கள் மறைந்த நாள் முதல் நான் வேறு விரிப்பில் தொழுததில்லை. தொப்பியை எடுக்க அறைக்குள் சென்று திரும்பினேன். பேரன் முசல்லாவின் நடுவில் நின்றுகொண்டிருந்தான். அவன் முகத்தைப் பார்த்ததுமே விளங்கிவிட்டது. காற்சட்டையின் ஓரமாகக் கசிந்து, விரிப்பின் மீதும் விழுந்திருந்தது.

"சீ! நாற்றம் பிடித்தவனே!" என்று கத்தினேன். கையும் ஓங்கிவிட்டது. அடி விழவில்லை. ஆனால், அடி விழாததைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ள எனக்குத் தகுதியில்லை. அவன் அழவில்லை. இரு கைகளாலும் தன் பின்புறத்தை மூடிக்கொண்டு, என்னையே பார்த்தபடி அசையாமல் நின்றான். நான் என் வாழ்நாளில் எத்தனையோ பிள்ளைகளின் அச்சத்தைக் கண்டிருக்கிறேன். அவற்றில் சிலவற்றுக்கு நானே காரணமாகவும் இருந்திருக்கிறேன். அந்தப் பார்வையைப் போல் ஒன்று என்னைத் தைத்ததில்லை.

மனைவி ஓடி வந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டாள். விரிப்பையும் சுருட்டி எடுத்துச் சென்று கழுவி, மறுநாள் மாடியில் வெயிலில் போட்டாள். ஒரு மணி நேரத்தில் அது உலர்ந்துவிட்டது.

குழந்தை உலரவில்லை. அன்று முதல் அவன் வயிறு கழிவதை அடக்கத் தொடங்கினான். ஒரு நாள், இரண்டு நாள், நான்கு நாள். உணர்வு வரும்போதெல்லாம் கால்களைப் பின்னிக்கொண்டு, நுனிக்காலில் நின்று, மேசைக் காலைப் பிடித்துக்கொண்டு நடுங்குவான். வயிறு கல்லாகிவிட்டது. உணவு இறங்கவில்லை. ஐந்தாம் நாள் இரவு அவன் வீறிட்டு அழுத அழுகையில் வீடே விழித்தது. காரியம் நடந்தபோது சிறிது இரத்தமும் வந்தது.

மறுநாள் காலை குழந்தை மருத்துவர் ஒருவரிடம் சென்றோம். அவர் வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். மகளிடம் சில கேள்விகள் கேட்டார். பின்னர் என் பக்கம் திரும்பி, "ஐயா, பிள்ளைக்குப் பெரிய நோய் எதுவும் இல்லை. பயம்தான்" என்றார். யாருக்குப் பயம், யாரிடம் பயம் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அவர் விளக்கியதை எளிய தமிழில் சொல்கிறேன். நம் உடலின் கடைவாயிலில் இரண்டு காவலர்கள் உண்டு. உள்ளே இருக்கும் வளையத் தசை நம் சொல்லுக்குக் கட்டுப்படாதது. வேளை வந்தால் தானே திறக்கும். வெளியே இருப்பது நம் விருப்பத்துக்குக் கட்டுப்படுவது. பெரும்பாலான குழந்தைகளுக்கு ஒன்றரை வயதுக்கும் இரண்டு வயதுக்கும் இடையில்தான் இந்த இரண்டாம் காவலன் அவர்கள் வசமாகிறான். அவனை இறுக்குவது எளிது. உரிய இடத்தில் அவனைத் தளர விடுவதே கடினம். அச்சம் வந்தால் அவன் தளரமாட்டான். அடக்கியது பெருங்குடலிலேயே தங்கினால், குடல் அதிலுள்ள நீரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். ஆகவே அது இறுகுகிறது, இறுகியது வலிக்கிறது, வலி அச்சத்தைப் பெருக்குகிறது, அச்சம் மறுபடியும் அடக்கச் சொல்கிறது. இந்தச் சுழல் நீடித்தால் குடலின் கடைப்பகுதி விரிந்து, உணர்வே மங்கிவிடும். பிறகு இறுகியதன் ஓரமாக நீர்த்த மலம் தானே கசியும். அதைக் கண்டு பெற்றோர், வேண்டுமென்றே அழுக்குப்படுத்துகிறான் என்று பிள்ளையை அடிப்பார்கள்.

"கதவுக்குப் பின்னால் ஒளிந்தானே, அது பிடிவாதமில்லை. வருவது அவனுக்குத் தெரிகிறது என்பதற்கு அடையாளம். பாதி தூரம் வந்துவிட்டிருந்தான்" என்றார் மருத்துவர்.

பாதி தூரம் வந்தவனைத்தான் நான் ஒரே சொல்லால் தொடக்கத்துக்குத் துரத்தியிருக்கிறேன்!

அதன் பின்னர் மகளின் கைப்பேசியை வாங்கி, இது குறித்துப் பல நாள் தேடிப் படித்தேன். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் பிரேசல்டன் 1962இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். பத்தாண்டுகளில் தம்மிடம் வந்த 1,170 குழந்தைகளின் வரலாற்றைக் கொண்டு எழுதப்பட்டது அது. பெற்றோர் நாள் குறிப்பதை விடுத்து, குழந்தையிடம் ஆயத்தத்தின் அறிகுறிகள் தோன்றும் வரை பொறுத்திருக்க வேண்டும் என்பது அவர் கண்ட முடிவு. அவ்வாறு பொறுத்திருந்த குழந்தைகள் பகல் பொழுதில் முழுமையாகத் தேறியது சராசரியாக 28 மாதங்கள் கடந்த பிறகுதான். என் பேரனுக்கு நான் அட்டவணை ஒட்டியபோது 27 மாதம். அட்டவணையைக் கிழித்து எறிந்தேன்.

ஆயினும் ஓர் ஐயம் எஞ்சி நின்றது. எங்கள் மேலப்பாளையத்தில் என் உம்மா எட்டுப் பிள்ளைகளை வளர்த்தார்கள். இரண்டேகால் வயதுவரை யாரும் இப்படி இருந்ததாக நினைவில்லையே! கண்ணை மூடினால் அக்காட்சி தெரிகிறது. முற்றத்தில் உம்மா கால்களை நீட்டி உட்கார்ந்திருப்பார்கள். இரு பாதங்களின் மீது கடைசித் தம்பியை அமர்த்தி, முழங்காலில் அவன் முதுகைச் சாய்த்து, "ஸ்ஸ்… ஸ்ஸ்…" என்று மெல்ல ஒலி எழுப்புவார்கள். உள்ளே தறிச் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும். காரியம் முடிந்ததும் சாம்பலைத் தூவி அள்ளிப் போட்டுவிட்டு, பிள்ளையைக் கழுவி விட்டு, மறுபடியும் தார் சுற்றப் போவார்கள். முகத்தில் அருவருப்பும் இராது, அவசரமும் இராது.

கென்யாவின் கடற்கரையில் திகோ என்றொரு மக்கள் வாழ்கிறார்கள். பெரும்பாலும் முஸ்லிம்கள். அவர்களுடைய தாய்மாரும் இப்படியே கால் நீட்டி அமர்ந்து, பச்சிளங்குழந்தையைக் கால்களுக்கிடையில் வைத்து, இதே போன்ற ஒலியெழுப்பிப் பழக்குவதை 1977இல் ஆய்வாளர் இருவர் எழுதியிருக்கிறார்கள். பிறந்த சில வாரங்களிலேயே தொடங்கி, ஐந்தாறு மாதங்களுக்குள் அக்குழந்தைகள் தேறிவிடுகின்றனவாம். படித்தபோது எனக்கு மெய் சிலிர்த்தது. கடலுக்கு அப்பாலுள்ள ஒரு முற்றத்திலும் என் உம்மா அமர்ந்திருந்தார்களே!

அப்படியானால் பழைய காலமே உயர்ந்தது என்று கொடி பிடிக்கலாமா? கூடாது. அன்று வீட்டில் மண் தரையும் முற்றமும் இருந்தன. பிள்ளை அரைஞாண் கயிற்றோடு திரிந்தது. தன் உடலிலிருந்து வருவதைத் தன் கண்ணாலேயே கண்டது. ஈரம் பட்டால் உடனே உணர்ந்தது. உம்மா எழ முடியாவிட்டால் ராத்தா இருந்தாள். ராத்தா இல்லாவிட்டால் பெரியம்மா இருந்தார்கள். இன்று மாடிக்குடியிருப்பில், பிரசவித்த உடம்போடு ஒருத்தி தனியே என்ன செய்வாள்? 1961இல் அமெரிக்காவில் பாம்பர்ஸ் டயாபர் கடைக்கு வந்தது. அதன் பின்னணியில் இருந்த பொறியாளர் விக்டர் மில்ஸும் ஒரு பாட்டனார்தான். பேரக்குழந்தைக்குத் துணி மாற்றும் வேலை அவருக்குப் பிடிக்கவில்லையாம். 1980களில் நீரை உறிஞ்சிக் கூழாக்கும் பொருளும் அதற்குள் சேர்ந்தது. தாய்மாருக்கு அது பேருதவி, மறுப்பதற்கில்லை. ஆனால், நனைந்தும் நனையாதது போலிருக்கும் குழந்தைக்குத் தன் உடலின் செய்தி எட்டத் தாமதமாகிறது. அவ்வளவே. யாரையும் குற்றம் சொல்ல இதில் ஒன்றுமில்லை.

எனக்கு உறைத்தது வேறொன்று. உம்மாவிடம் முற்றம் இருந்தது, கைகள் இருந்தன என்பதெல்லாம் சரி. "சீ" என்னும் சொல் அவர்களிடம் இல்லையே! அது எனக்கு எங்கிருந்து வந்தது?

அன்றிரவு தூக்கம் வரவில்லை. நான் பள்ளிவாசலிலும் பள்ளிக்கூடத்திலும் பலமுறை எடுத்துச் சொன்ன ஒரு நிகழ்ச்சி நினைவுக்கு வந்தது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் பள்ளிவாசலுக்குள் நாட்டுப்புறத்து அரபி ஒருவர் வந்து, ஒரு பக்கமாகச் சிறுநீர் கழிக்கத் தொடங்கிவிட்டார். தோழர்கள் கொதித்தெழுந்தார்கள். நாயகம் (ஸல்) அவர்களோ, அவரை இடைமறிக்க வேண்டாம், முடிக்கட்டும் என்று தடுத்துவிட்டார்கள். அவர் முடித்த பின் ஒரு வாளித் தண்ணீர் கொண்டுவரச் செய்து அவ்விடத்தில் ஊற்றச் சொன்னார்கள். பிறகு அவரை அழைத்து, பள்ளிவாசல் எதற்குரியது என்பதை இதமாக எடுத்துரைத்தார்கள். தோழர்களுக்கு, நீங்கள் எளிதாக்கவே அனுப்பப்பட்டீர்கள், கடினமாக்க அல்ல என்று அறிவுறுத்தினார்கள். இடையில் நிறுத்தினால் அவர் உடலுக்குத் தீங்கு நேரும், அசுத்தமும் பல இடங்களில் பரவும் என்று அறிஞர்கள் இதற்கு விளக்கம் தருவர்.

எத்தனை மேடைகளில் இதைச் சொல்லியிருக்கிறேன்! அவர் வளர்ந்த மனிதர். அது இறைவனின் இல்லம். என் வீட்டில் நின்றதோ இரண்டேகால் வயதுப் பிள்ளை. நனைந்ததோ ஒரு விரிப்பு. உம்மு கைஸ் (ரலி) அவர்களின் பால்குடிக் குழந்தை நாயகம் (ஸல்) அவர்களின் மடியிலேயே ஆடையை நனைத்தது. அவர்கள் தண்ணீர் கேட்டு வாங்கித் தெளித்துக்கொண்டதைத் தவிர வேறெதுவும் செய்யவில்லை. அசுத்தத்துக்கு மார்க்கம் சொன்ன பரிகாரம் தண்ணீர். நான் அதற்குப் பதிலாகச் சினத்தை ஊற்றினேன். தண்ணீர் கழுவும், சினம் கழுவுமா? தொழுகையைக் கொண்டே ஏவுவதற்கு ஏழு வயதுவரை பிள்ளைக்கு அவகாசம் தந்த மார்க்கத்தில், பள்ளிக்கூடத்துத் தாள் ஒன்றுக்காக நான் ஏன் அவ்வளவு அவசரப்பட்டேன்?

காலையில் மகளிடம், "ஜூன் வேண்டாம்மா. பணம் போனால் போகட்டும். தவறு என்னுடையது" என்றேன். அவள் சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நானும் அவனைத் திட்டியிருக்கிறேன் வாப்பா" என்றாள்.

மருத்துவர் சொன்னபடி எல்லாவற்றையும் நிறுத்தினோம். அவன் கேட்டபோதெல்லாம் டயாபர் கட்டினோம். மலத்தை இளக்கும் பாகு மருந்தைப் பல வாரங்கள் விடாமல் கொடுத்தோம். தேறிவிட்டது என்று நாமாக இடையில் நிறுத்தினால் பழைய சுழல் திரும்பிவிடும் என்று அவர் எச்சரித்திருந்தார். ஓயாமல் குடித்துக்கொண்டிருந்த பாலைக் குறைத்தோம். பப்பாளி, ஊறவைத்த உலர்ந்த திராட்சை, கீரை, நிறையத் தண்ணீர் என்று உணவு மாறியது. உணவு இரைப்பையில் விழுந்ததும் குடல் தானே அசையத் தொடங்கும் என்பதால், சாப்பிட்ட சற்று நேரத்தில் ஐந்து நிமிடம் அவனோடு உட்கார்ந்து கதை சொன்னேன். முதலில் டயாபரோடே இருக்கையில் அமர்ந்தான். கால்கள் தொங்கினால் முக்குவது கடினம் என்பதால், பாதங்களுக்குக் கீழே பலகை ஒன்றை வைத்தேன். உம்மாவின் பாதங்களுக்கு ஈடாக ஒரு பலகை! நடந்தால் "நல்லது" என்பேன். நடக்காவிட்டாலும் கதை முடியும்வரை எழமாட்டேன்.

ஒலூ செய்யும்போது அவனையும் அருகில் நிறுத்திக்கொண்டேன். கழிப்பறைக்குள் இடது காலை முன்வைப்பது, இடது கையால் கழுவுவது, பின்னர் கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவுவது எல்லாம் அவனுக்கு விளையாட்டாயின. பாடத்தை விட அந்த இடது கால்தான் அவனுக்குப் பிடித்தது. வேண்டும் போதும் வேண்டாத போதும் வாசலில் நின்று இடது காலை நீட்டிக் காட்டுவான்.

முதல் மாதம் ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாம் மாதம் கைகளால் பின்புறத்தை மூடிக்கொள்ளும் வழக்கம் நின்றது. எனக்கு அதுவே பெரிய பெருநாள். மூன்றாம் மாதத்தில் ஒரு நாள், யாரும் சொல்லாமல் தானே சென்று உட்கார்ந்துவிட்டு, முழு வீட்டையும் கூவி அழைத்தான். இரவில் இன்னும் சில நாள் படுக்கை நனைகிறது. அது வேறு கணக்கு. ஐந்து வயதுவரை அதை மருத்துவர்கள் குறையாகவே கருதுவதில்லை. விரிப்பு உலர ஒரு மணி நேரம் ஆயிற்று. அச்சம் உலர ஏறத்தாழ நான்கு மாதங்கள் ஆயின.

எங்கள் பக்கத்தில் பாட்டனாரை 'அப்பா' என்றே அழைப்பது வழக்கம். சென்ற மாதம் ஒரு நாள் மக்ரிபு கடமையை முடித்துவிட்டு, வாப்பாவின் முசல்லாவில் சுன்னத்துக்குத் தக்பீர் கட்டி நின்றிருந்தேன். அருகில் விளையாடிக்கொண்டிருந்தவன் எழுந்து வந்து என் கைலியைப் பிடித்து இழுத்தான்.

"அப்பா, வருது."

விரிப்பின் மேல்தான் நின்றிருந்தான். முகம் சற்றே சிவந்திருந்தது. கண்ணில் அச்சம் இல்லை. என்னிடம் சொன்னால் போதும் என்ற நம்பிக்கை இருந்தது.

தொழுகையை விட்டுவிட்டு அவனைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். வாசலில் இறக்கியதும், அந்த அவசரத்திலும் மறக்காமல் இடது காலை முன்வைத்தான். நான் பலகையைச் சரிசெய்துவிட்டு, எதிரில் குந்தி உட்கார்ந்து கதையைத் தொடங்கினேன்.

அந்த இரண்டு ரக்அத்தைப் பிறகு தொழுதேன்.